நெல் களத்தில் வைத்துக் கேட்ட கேள்வி

மீனம்பாள் அக்கா செத்து நாற்பது நாள் ஆகிறது. சிங்கவரத்தில் யாரைக் கேட்டாலும், "களத்துல வுழுந்தா, இடுப்பு போச்சு, அப்படியே போய்ட்டா" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுவார்கள். முடிக்கட்டும், அவர்களுக்கு என்ன. எனக்கு அப்படி முடிக்க வாய் வரவில்லை. அவள் என் வீட்டுக்காரர் பூபதியின் அண்ணன் பெண்டாட்டி, என் ஓரகத்தி. இருபத்தாறு வருஷம் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்து, ஒரே குழாயில் தண்ணீர் பிடித்து, சண்டை போட்டு, பேசாமல் இருந்து, மறுபடி பேசி வாழ்ந்தோம். அவள் படுக்கையில் விழுந்ததற்குப் பாதிக் காரணம் நான். பாதி என்று சொல்வதுகூட என்னை நானே தடவிக்கொடுத்துக்கொள்வதுதான்.

அவளுக்குச் சொந்த ஊர் சீயமங்கலம். பதினேழு வயதில் தனகோட்டி மாமாவுக்கு வாழ்க்கைப்பட்டு சிங்கவரம் வந்தாள். நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்து முதல் முதலாகக் குழம்பு வைத்த அன்று, ஒரு வாய் எடுத்து வைத்துவிட்டு, "இன்னாடி சுமா, உங்க ஊர்ல உப்பு ரேஷன்லதான் குடுப்பாங்களா?" என்று கேட்டாள். எனக்கு வந்த கோபத்தில் சட்டியோடு கவிழ்க்கத் தோன்றியது. மறுநாள் பூபதியிடம் எனக்காகச் சண்டைக்குப் போனவளும் அவள்தான். அவளுடைய வாய் அப்படி, மனசு இப்படி. ஒல்லியான உடம்பு, நாற்பது கிலோ தேறமாட்டாள். சிரித்தால் மட்டும் தெருக்கோடி வரை கேட்கும்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், குழாயடியில் பாசி வழுக்கிக் கையை ஊன்றி விழுந்தாள். இடது மணிக்கட்டு தொங்கிப்போனது. நான்தான் அவளை பஸ்ஸில் உட்காரவைத்து, வந்தவாசி ரோட்டில் இருக்கும் ஒரு கட்டு வைத்தியரிடம் கூட்டிப்போனேன். அவர் இழுத்துப் பொருத்தி, முட்டை வெள்ளைக்கரு தடவிய துணியைச் சுற்றி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். இழுத்தபோது அக்கா என் தோளைக் கடித்தாள், தழும்பு ரொம்ப நாள் இருந்தது. எக்ஸ்ரே படம் எடுக்கவில்லை, ஆஸ்பத்திரிச் சீட்டு கிடையாது. நாற்பத்தைந்து நாள் கழித்துக் கட்டைப் பிரித்தபோது கை சேர்ந்திருந்தது, கொஞ்சம் கோணலாக. எங்கள் பக்கத்தில் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டால்தான் எலும்பு உடைந்ததாகக் கணக்கு. வைத்தியரிடம் போனதை யாரும் கணக்கில் வைப்பதில்லை, கட்டைப் பிரித்ததோடு மறந்துவிடுவார்கள்.

அடுத்த வருஷம் தனகோட்டி மாமா மாரடைப்பில் போனார். ஒரே மகன் வளவன் ஒரகடத்தில் கம்பெனி வேலையில் இருந்தான், வந்து கூப்பிட்டான். அக்கா போகவில்லை. "என் கை காலு ஆடற வரைக்கும் என் சோத்த நான் தின்றன்டா, நீ போய் பொழப்ப பாரு" என்று சொல்லி அனுப்பிவிட்டு, செஞ்சியில் ஒரு நெல் மண்டிக் களத்தில் வேலைக்குச் சேர்ந்தாள்.

களத்து வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அவள் செய்தது புரியாது. அங்கே பெண்கள் தனித்தனியாகக் கூலி வாங்குவதில்லை. எட்டு பேர் சேர்ந்தால் ஒரு செட்டு. நெல்லைக் கொட்டிப் பரப்புவது, காயவைத்துத் துழாவுவது, தூற்றுவது, கூட்டி அள்ளுவது, மூட்டை வாய் பிடிப்பது எல்லாம் செட்டாகச் செய்து, சாயங்காலம் கிடைப்பதை எட்டாகப் பிரித்துக்கொள்வார்கள். ஒருத்தி சுணங்கினால் அவள் வேலையும் மற்ற ஏழு பேர் தலையில். அதனால் உடம்பு முடியாதவளை எந்தச் செட்டும் வைத்துக்கொள்ளாது. அக்காவின் செட்டுக்குத் தலைவி ராஜாம்பாள். நல்லவள்தான், ஆனால் யாருக்கு இடுப்பு வலி, யாருக்கு மூச்சு வாங்குகிறது என்று ஒரு கண் எப்போதும் வைத்திருப்பாள். அக்கா தன் கோணல் கையைக்கூட, பிறவியிலேயே அப்படித்தான் என்று அங்கே சொல்லிவைத்திருந்தாள்.

போன வருஷம் தை மாசம் எனக்கு ஒரு வேலை வந்தது. எலும்பு ஆராய்ச்சி செய்கிற ஒரு குழு சென்னையிலிருந்து வந்து, ஊர் ஊராகக் கணக்கெடுக்க எங்களைப் போலப் பத்தாவது படித்த பெண்களைச் சேர்த்தது. ஐம்பது வயது தாண்டிய பெண்களிடம் கேள்வி கேட்டு ஒரு டேப்லெட்டில் பதிய வேண்டும். வயசு, எடை, ஐம்பதுக்கு மேல் எங்கேயாவது எலும்பு முறிந்ததா, அம்மா அப்பா யாருக்காவது இடுப்பு முறிந்ததா, இப்படிப் பன்னிரண்டு கேள்வி. கடைசியில் அந்த டேப்லெட் ஒரு கணக்குப் போட்டு, அடுத்த பத்து வருஷத்தில் எலும்பு முறிய எவ்வளவு வாய்ப்பு என்று நிறத்தில் காட்டும். பச்சை என்றால் பயமில்லை, மஞ்சள் என்றால் நடுவாந்தரம். சிவப்பு என்றால் வேன் வைத்து விழுப்புரம் கூட்டிப்போய், ஸ்கேன் எடுத்து, எலும்பைக் கெட்டிப்படுத்த ஊசி போடுவார்கள். எல்லாம் இலவசம்.

எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் சிவசங்கர் சார். முப்பது வயசுப் பையன், பொறுமைசாலி. "அக்கா, ரெண்டே விஷயம். கட்டு வைத்தியர்கிட்ட போனதையும் மறக்காம கேளுங்க, நம்ம பக்கத்துல பாதி முறிவு அங்கதான் போகுது. அப்புறம், ஒவ்வொருத்தரையும் தனியா வெச்சு கேளுங்க. நாலு பேரு முன்னாடி யாரும் உண்மைய சொல்லமாட்டாங்க" என்றார். நானும் நோட்டில் எழுதிக்கொண்டேன். எழுதி என்ன புண்ணியம்?

வீடு வீடாக ஏறினால் ஒரு நாளைக்கு ஏழு பேர்கூடத் தேறவில்லை. இவள் வயலுக்குப் போயிருக்கிறாள், அவள் ரேஷனுக்குப் போயிருக்கிறாள். எனக்குக் கால் தேய்ந்தது, எரிச்சலாக வந்தது. அப்போதுதான் அந்தப் பாழாய்ப்போன யோசனை வந்தது. களத்தில் மதியம் சோறு தின்ன எல்லாச் செட்டும் ஒரே கொட்டகையில் உட்காருமே, அங்கே போனால் ஒரே நாளில் முப்பது பேரை முடித்துவிடலாமே! தனியாகக் கேட்கச் சொன்னாரே என்று நினைவு வராமல் இல்லை. பெரிய ரகசியம், மண்ணாங்கட்டி என்று நினைத்தேன்.

அக்காவின் செட்டு சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு என்னைச் சுற்றி நின்றது. ராஜாம்பாளுக்குப் பச்சை வந்தது, எல்லாரும் கைதட்டினார்கள். அடுத்தவளுக்கும் பச்சை. தேர்தல் முடிவு பார்ப்பது போலத் திரையை எட்டி எட்டிப் பார்த்தார்கள். மூன்றாவது பூங்குழலி. சூது வாது தெரியாதவள், மூன்று வருஷத்துக்கு முன் கை முறிந்து ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டதையும், அம்மாவுக்கு இடுப்பு முறிந்ததையும் அப்படியே சொன்னாள். திரை சிவப்பாகிவிட்டது.

"அய்யய்யோ, செவப்பு!" என்றாள் ஒருத்தி.

"ஏன்டி, இத்தினி நாளா சொல்லவே இல்ல?" என்று ராஜாம்பாள் சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். "நாளையிலருந்து நீ மூட்ட வாய் புடிக்க வாணாம் தாயே. நீ ஒடைஞ்சி வெச்சா யாரு பதில் சொல்றது?"

எல்லாரும் சிரித்தார்கள், பூங்குழலியும் சிரித்தாள். அதற்கு அடுத்த வாரம் அவள் செட்டில் இல்லை.

நான்காவதாக அக்கா வந்து என் எதிரில் குந்தினாள். முகத்தில் சிரிப்பு இருந்தது, கண்ணில் இல்லை. எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. நிறுத்திவிட்டு, "அக்காவ வூட்ல பாத்துக்கறேன்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முந்நூறு தடவை கேட்டுப் பழகிய வாய், தானாகக் கேட்டுவிட்டது.

"அம்பது வயசுக்கு மேல எலும்பு எங்கனா முறிஞ்சிதாக்கா? கட்டு வைத்தியர்கிட்ட போனா மாதிரி?"

"எனக்கா? இன்னாடி கேள்வி இது. ஒரு முள்ளுகூட குத்தனதில்ல."

"உங்க அம்மாவுக்கு இடுப்பு முறிஞ்சிதா?"

"எங்கம்மா காய்ச்சல்ல இல்ல போச்சு!"

அவளுடைய அம்மா சீயமங்கலத்தில் வழுக்கி விழுந்து, இடுப்பு முறிந்து, ஐந்து மாசம் பாயோடு பாயாகக் கிடந்து செத்தாள். சாவுக்கு நான் போயிருந்தேன். பிணத்தைக் குளிப்பாட்டியபோது சொம்பில் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவள் நான். அது அக்காவுக்கும் தெரியும். என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பின்னால் ராஜாம்பாள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் 'இல்லை' என்று தொட்டேன். மறுபடி 'இல்லை' என்று தொட்டேன். பச்சை வந்தது.

"பாத்தீங்களாடி! அறுவத்தோரு வயசுல!" என்று எழுந்து முந்தானையை உதறினாள். அந்தச் சிரிப்பு மலை மேல் கோட்டை வரை கேட்டிருக்கும்.

சாயங்காலம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து, "அக்கா, நீ சொன்னது தப்பு. ஒரு வாரத்துக்குள்ள திருத்தலாம், நான் திருத்திடறேன். செவப்பு வந்தா நல்லதுதான், ஊசி போடுவாங்க" என்றேன்.

அவள் என் தாடையைப் பிடித்துக்கொண்டாள். "வாணாம்டி சுமா. வேன் வந்து ஏத்திகினு போனா ராஜாம்பாளுக்குத் தெரியாம போய்டுமா? என்னை கழட்டி வுட்டுடுவா. அப்புறம் ஒரகடத்துல போய் மருமவ மூஞ்சிய பாத்துகினு உக்கார சொல்றியா? இன்னும் ரெண்டு மூணு வருஷம்டி. அதுக்குள்ள எனக்கு இன்னா ஆயிடப்போவுது?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சரி வுடுக்கா" என்றேன். பாசம் என்று நினைத்துக்கொண்டு சொன்னேன். அந்த ஒரு வாரமும் டேப்லெட் என் வீட்டு அலமாரியில்தான் இருந்தது, தினமும் சார்ஜ் போட்டேன். எட்டாவது நாள் திருத்துவதற்கான இடம் மூடிக்கொண்டது. எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் ஏரியா சீக்கிரம் முடிந்தது என்று சிவசங்கர் சார் எல்லார் முன்னாலும் என்னைப் பாராட்டினார்.

அந்த வருஷம் பூராவும் அக்கா முதுகு வலி என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வாயு என்றாள், பூண்டைச் சுட்டுத் தின்றாள். பரணில் இருக்கும் பாத்திரம் முன்பெல்லாம் எட்டும், இப்போது எட்டவில்லை என்று ஒரு தடவை சொன்னாள். "வயசாச்சுன்னா குள்ளமாத்தான் போவாங்க" என்று நான் கிண்டல் செய்தேன்.

இந்த வருஷம் மாசியில், களத்தில் ஈரச் சாக்கு ஒன்றின் மேல் கால் வைத்தாள். ஒன்றும் பெரிய விழுக்காடு இல்லை, உட்கார்ந்தது போலத்தான் விழுந்தாள் என்று ராஜாம்பாள் அழுதுகொண்டே சொன்னாள். இடது இடுப்பு முறிந்துவிட்டது. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இடுப்பு மட்டும் இல்ல, முதுகெலும்புல ரெண்டு பழைய முறிவு இருக்குது. முன்னாடி கை கால் ஏதாவது முறிஞ்சிருக்கா?" என்று கேட்டார். ஒரகடத்திலிருந்து அப்போதுதான் வந்து சேர்ந்திருந்த வளவன் என் பக்கத்தில் நின்றான்.

"ஒம்பது வருஷத்துக்கு முன்னாடி இடது மணிக்கட்டு" என்றேன். "அவங்க அம்மாவுக்கும் இடுப்புதான்."

வளவன் திரும்பி என்னைப் பார்த்தான். "நீங்கதான சித்தி கணக்கெடுத்தீங்க? அம்மாவுக்குப் பச்சைன்னு போன்ல சொன்னீங்களே?" என்றான். சத்தம்கூடப் போடவில்லை. அதன் பிறகு அவன் என்னிடம் பேசவில்லை. அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

ஆபரேஷன் செய்தார்கள். இதயம் பலவீனமாக இருந்ததால் ஒன்பது நாள் தள்ளித்தான் செய்ய முடிந்தது. வீட்டுக்கு வந்தும் அவள் நடக்கவில்லை. வளவன் லீவு போட்டுப் போட்டு வந்து போனான், நான் பக்கத்திலேயே இருந்தேன். முதுகில் புண் வைத்தது. நான் துடைக்கும்போதெல்லாம், "சாரிடி, சாரிடி" என்று சொல்வாள். என்ன சாரி வேண்டிக்கிடக்கிறது! எனக்கு ஆத்திரமாக வரும், சும்மா இருக்கா என்று அதட்டுவேன். பின்பக்கம் போய் அழுவேன்.

பங்குனியில் சிவசங்கர் சார் வந்தார். ஒரு வருஷம் கழித்து யார் யாருக்கு முறிந்தது என்று சரிபார்க்கிற வேலை. வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். டேப்லெட்டைப் பார்த்துக்கொண்டே, "இவங்களுக்குப் பச்சைதான் வந்திருக்குதுக்கா. அப்ப இது நம்ம கணக்கோட தப்பு. நம்ம ஊரு பொம்பளைங்களுக்கு இந்தக் கணக்கு சரியா பொருந்தலன்னு எழுதிடறேன்" என்றார்.

நான் பேசாமல் இருந்திருந்தால் அது அங்கேயே முடிந்திருக்கும். பழி இயந்திரத்தின் மேல் போயிருக்கும். ஆனால் எனக்குள் ஏதோ அறுந்துவிட்டது. "உங்க கணக்கு தப்பில்ல சார். நான்தான் தப்பு" என்று ஆரம்பித்து, களத்துக் கொட்டகை, ராஜாம்பாள், பஸ்ஸில் பிடித்த தாடை என்று ஒன்று விடாமல் சொன்னேன்.

அவர் திட்டவில்லை. டேப்லெட்டை மறுபடி திறந்தார். பிறகு அக்காவின் அதே வயசையும் அதே எடையையும் புதிதாகப் போட்டார். முறிவுக்கு 'ஆம்' என்று தொட்டார், மஞ்சளானது. அம்மாவின் இடுப்புக்கு 'ஆம்' என்று தொட்டார். சிவப்பு வந்தது.

"அன்னிக்கே ஊசி போட்டிருந்தா வுழுந்தும் முறிஞ்சிருக்காதா சார்?"

"உறுதியா சொல்ல முடியாதுக்கா. குறைஞ்சிருக்கும். சிவப்பு வந்த நூறு பேருமே முறிச்சுக்கறதில்ல, ஊசி போட்ட நூறு பேருமே தப்பிக்கறதுமில்ல. இது நூறு பேருக்கான கணக்கு."

"நூறு பேரு எனக்கு எதுக்கு சார்? எனக்கு ஒரே அக்கா" என்றேன். பாவம், அவர் என்ன செய்வார். பூங்குழலியைப் பற்றிக் கேட்டேன். ஊசி போட்டுக்கொண்டாளாம், போன மழைக்காலத்தில் அவளும் ஒரு தடவை விழுந்தாளாம், சிராய்ப்போடு எழுந்துவிட்டாளாம். செட்டில் இடம் போய், இப்போது பஸ் ஸ்டாண்டு பக்கம் இட்லிக் கடையில் நின்றுகொண்டு வேலை செய்கிறாள்.

அவரை அனுப்பிவிட்டு உள்ளே போனேன். சன்னல் வழியாக அக்கா எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"இன்னா சொன்னாரு அந்த சாரு?"

"ஒண்ணுமில்லக்கா. சும்மா வெசாரிச்சாரு."

"பொய் சொல்லாதடி. மறுபடி போட்டுப் பாத்தாரு இல்ல? கைய வெச்சி வெச்சி அமுத்தனத பாத்தன்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "அன்னிக்கு நெசத்த சொல்லியிருந்தா இன்னா வந்திருக்கும்?"

அவள் முகத்தைப் பார்த்தேன். கன்னமெல்லாம் ஒட்டிப்போய்க் கண் மட்டும் மிச்சமிருந்தது. தன் வாயால் தன் காலைக் கெடுத்துக்கொண்டோம் என்று தெரிந்து இவள் சாக வேண்டுமா? "அப்பவும் பச்சதாங்கா" என்றேன். நாக்குக் கூசவே இல்லை.

"நெசமாவா?"

"உன் மேல சத்தியமா."

"அப்பாடா" என்று கண்ணை மூடினாள். கண்ணோரம் தண்ணீர் வழிந்தது. "இத்தினி நாளா அதாண்டி எனக்கு உள்ள அறுத்துகினு இருந்துச்சி. நான் பொய் சொல்லி உன்னையும் சொல்ல வெச்சி, என் புள்ள உன்ன பேசாம ஒதுக்கறானேன்னு. என் காலு போனா போவட்டும். உன் மேல பழி வரக்கூடாது இல்ல. அந்தப் போன எடு."

நான் வேண்டாம் என்றேன். விடவில்லை. வளவனைக் கூப்பிட்டு, இரைத்து இரைத்துச் சொன்னாள். "டேய், சித்தி மேல ஒரு தப்பும் இல்லடா. நெசத்த எழுதியிருந்தாலும் பச்சதான் வந்திருக்குமாம், சாரே வந்து போட்டுப் பாத்துட்டு சொல்லிட்டு போனாரு. சித்திகிட்ட பேசு."

போனை என் கையில் வைத்தாள். அந்தப் பக்கம் அவன் அழுதான். "மன்னிச்சுடுங்க சித்தி, நான் உங்கள தப்பா நெனச்சிட்டேன்" என்றான். அக்கா என்னையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். "பரவால்லடா" என்றேன். அதைவிட ஒரு கேவலம் என் வாழ்க்கையில் இல்லை.

அதற்குப் பிறகு அவள் அதிக நாள் இருக்கவில்லை. நுரையீரலில் சளி கட்டிவிட்டது. சித்திரையில் போனாள். வளவன் கொள்ளி வைத்துவிட்டு வந்து, எல்லார் முன்னாலும் என் காலில் விழுந்து, "இனிமே நீங்கதான் சித்தி எனக்கு அம்மா" என்றான். ராஜாம்பாள்கூட அழுதாள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவன் போன் செய்கிறான். "சாப்டீங்களா சித்தி, கால் வலி எப்பிடி இருக்குது, நீங்களும் அந்த ஸ்கேன் எடுத்துக்கோங்க" என்று கேட்கிறான். ஒவ்வொரு வாரமும் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறக்கிறேன், வெறும் காற்றுதான் வருகிறது. அவன் அம்மா கடைசி மூச்சில் எனக்கு வாங்கிக் கொடுத்த மன்னிப்பு அது, பொய்க்கு வாங்கிய மன்னிப்பு. அதை வைத்துக்கொண்டு எனக்குச் சோறு இறங்கவில்லை. பேச வரவில்லை என்பதால்தான் எழுத உட்கார்ந்தேன்.

வளவா, உன் அம்மாவுக்குச் சிவப்புதான் வந்தது.